கழுத்துப் பலகை

தைவானின் ஷின்சூ நகரத்தில் அக்டோபர் காற்று தொடங்கிவிட்டால் சன்னல்கள் வசந்தம்வரை ஓயாது. அது தொடங்கிய வாரத்தில்தான் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் பிள்ளையை சியூலானின் அறைக்கு அனுப்பினார்கள்.

சியூலான் அந்தப் பள்ளியின் ஆலோசகர். காலையில் சீனம், மதியத்துக்குமேல் ஆங்கிலம் என்று நடக்கும் பள்ளி அது. இரண்டு மொழிக்கும் நடுவில் தடுக்கி விழும் பிள்ளைகள், காரணமில்லாமல் வயிறு வலிக்கும் பிள்ளைகள், அப்பா கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையிலிருந்து எப்போது வருவார் என்று தெரியாத பிள்ளைகள், எல்லாரும் அவள் அறை மெத்தையில் வந்து உட்காருவார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குள் அவள் பார்க்காத அழுகை கிடையாது.

முதலில் வந்தவன் கைரூய். வாய் ஓயாத பையன். அன்று இரண்டு மொழியிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மத்தியானம் சிரித்துக்கொண்டு ஓடினான். அவனுக்குப் பதிலாக ஒரு பெண்பிள்ளை ஊமையாகி உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் வேறொன்று. மருத்துவர்கள் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். எட்டாவது நாள் வகுப்பாசிரியை ஜியாவென் முகம் வெளுத்து வந்து நின்றாள்.

"விளையாட்டுன்னா நான் விட்டுடுவேன் அக்கா. மத்தியானம் தூங்கறதுக்கு முன்னாடி நல்லா பேசிட்டிருந்த பிள்ளை, எழுந்திரிக்கறப்ப பேச மாட்டேங்குது. தினமும் ஒண்ணு."

"சின்ன வயசுல நீ ஒரு நாள் வாயை மூடியிருந்தா உங்கம்மா தெருவுக்கே கேக் வாங்கிக் கொடுத்திருப்பாங்க," என்றாள், அவளைச் சின்னதிலிருந்தே தெரிந்த சியூலான். ஜியாவென் சிரிக்கவில்லை.

அன்று காலை மெத்தையில் உட்கார்ந்திருந்தவள் பெய்ஷுவான். அவளுடைய ஊமை நாள் முந்தின மத்தியானத்தோடு முடிந்திருந்தது. உன் வகுப்பை வரைந்து காட்டு என்று சியூலான் தாளும் மெழுகுக் குச்சியும் கொடுத்தாள். குழந்தை பொறுமையாகத் தலை தலையாக வரைந்தாள். சியூலான் எண்ணிப் பார்த்தாள். வகுப்பில் இருபத்துமூன்று பேர். தாளில் இருபத்துநாலு. அதிகப்படி உருவத்தின் மார்பில் ஒரு பெரிய சதுரம் தொங்கியது.

"இது யாரும்மா? அடையாள அட்டையா, இவ்வளவு பெருசா?"

"அட்டை இல்ல டீச்சர், பலகை. முந்தாநாள் என் கழுத்துல மாட்டினாங்க. நேத்து எடுத்துட்டாங்க."

மத்தியானத் தூக்கத்தின்போது ஒரு அக்கா வருவாளாம். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லித் தருவாளாம். அதைத் திருப்பிச் சொன்னால் பலகை கழுத்துக்கு வந்துவிடும், அப்புறம் பேச வராது. மறுநாள் அவளே வந்து கழற்றி இன்னொருவருக்கு மாட்டுவாள். தெரிந்தும் ஏன் சொல்கிறீர்கள் என்று சியூலான் கேட்டாள். "சொல்லலேன்னா அழுவாங்க. பாவமா இருக்கும்," என்றாள் பெய்ஷுவான்.

"என்ன வார்த்தை?"

குழந்தை உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "'நான்'னு சொல்றதுக்கு அவங்க ஒண்ணு சொல்வாங்க. சீனமும் இல்ல, இங்கிலீஷும் இல்ல."

சியூலான் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். சதுரத்துக்குள் குழந்தை கோணல்மாணலாக எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தாள்: 'நான் தேசிய மொழி பேசுவேன்.'

"அவங்க பேரு என்ன?"

"கேட்டா சொல்ல மாட்டாங்க. உங்களுக்குத் தெரியுமாம் டீச்சர்."

தெரியும். நாற்பத்தேழு வருஷங்களுக்கு முன், மலையடிவாரத்துப் பள்ளியில் சியூலானும் இரண்டாம் வகுப்புதான். வீட்டில் எல்லாருக்கும் ஹக்கா மொழி. பள்ளிக்குள் தேசிய மொழியான சீனம் மட்டும்தான்; ஹக்காவில் ஒரு வார்த்தை பேசினாலும் பலகை கழுத்தில் ஏறும். இறக்கி வைக்க ஒரே வழி, பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பது. மூன்று நாள் சுமந்தாள். நாலாம் நாள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் யின்மோயைச் சுவர் மறைவுக்குக் கூட்டிப்போய், இந்த ரப்பர் யாருடையது என்று ஹக்காவிலேயே கேட்டாள். தோழிதானே என்று யின்மோய் தன் நெஞ்சைத் தொட்டு "ஙாய்" என்றாள். நான் என்பதற்கு ஹக்காவில் அதுதான் வார்த்தை. சியூலான் ஆசிரியரிடம் ஓடினாள்.

யின்மோய் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் பலகை அவள் கழுத்திலேயே கிடந்தது. பள்ளியில் பேச்சு நின்றது, பிறகு வீட்டிலும் நின்றது. வசந்தத்தில் நிமோனியா என்றார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியானது. சியூலான் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஹக்காவும் அன்றோடு போயிற்று. வளர்ந்து நிற்கும் அவள் மகனுக்கு அந்த மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

அன்று மத்தியானம் அவள் ஜியாவெனிடம் காரணம் சொல்லாமல் அனுமதி கேட்டு, வகுப்பின் கடைசியில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சோற்றுக் கிண்ணங்களைக் கழுவி வைத்துவிட்டு, மேசையில் கைகளை மடித்துத் தலை சாய்த்தார்கள். விளக்கை அணைத்தார்கள். திரைச்சீலை வழியே சாம்பல் வெளிச்சம் வந்தது. சியூலான் முதுகுகளை எண்ணினாள். இருபத்துமூன்று.

சன்னல் அடித்துக்கொள்வது நின்றது. வெளியே மரங்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

மறுபடி எண்ணினாள். இருபத்துநாலு. சன்னலோர வரிசையில், கைரூய்க்குப் பக்கத்தில், காது மடலுக்கு நேராக வெட்டிய தலைமுடி. அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் வெட்டுவார்கள். அந்தத் தலை ஒரு சின்னப் பெண்ணின் காதருகே குனிந்தது. தூக்கத்திலேயே அந்தச் சின்னவளின் உதடு பிரிந்தது.

சியூலான் எழுந்தாள்.

"ஙாய்," என்றாள். குரல் அவளுடையதுபோல் இல்லை. மிச்சமும் ஹக்காவிலேயே வந்தது. "யின்மோய், நான்தான். அன்னிக்கு உன் கழுத்துல மாட்டிவிட்டது நான்தான். சின்னப் பசங்களை விட்டுடு. என்கிட்ட கொடு."

அந்தத் தலை நிமிர்ந்தது, திரும்பவில்லை. பலகை எப்படி வந்தது என்று சியூலானுக்குத் தெரியாது. ஈரமான கயிறு பிடரியில் உட்கார்ந்தது; மார்பில் மரத்தின் பாரம் இறங்கியது. எட்டு வயதில் இருந்ததைவிட அது கனமாக இருந்தது.

ஜியாவென் விளக்கைப் போட்டாள். இருபத்துமூன்று பிள்ளைகள் கண்ணைக் கசக்கினார்கள். "அக்கா, யார்கிட்ட பேசினீங்க? அது என்ன பாஷை?" சியூலான் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள் ஃபோனில் எழுதிக் காட்டித்தான் பேசினாள். இரண்டாம் வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் ஊமையாகவில்லை. நாலாம் நாள் காலை, பள்ளிக்கு எதிரே சிற்றுண்டிக் கடையில் சோயா பாலைக் கைகாட்டிக் கேட்கப் போனபோது தொண்டை திறந்துகொண்டது. வந்தது ஹக்கா. கடைக்காரம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, அதே மொழியில், சூடாவா ஆறினதா என்று கேட்டாள். சியூலானுக்குக் கண் நிறைந்துவிட்டது. சீனம் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. பாரம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் தாழ்வாரத்தில் பெய்ஷுவான் எதிரே வந்தாள். அவள் பார்வை சியூலானின் முகத்தில் இல்லை, மார்பில் இருந்தது.

"கனமா இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"வேற யாருக்காவது மாத்திடலாமே."

"வேணாம்மா. என்கிட்டயே இருக்கட்டும்."

குழந்தை யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு, அகலமான சாமானைச் சுமந்து வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல், சுவரோடு ஒட்டி நின்று அவளைப் போகவிட்டாள்.