முகத்துவாரத்தில் ஆறு படங்கள்

மருதையன் காமிரா ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தான். பிறகு நின்று, திரும்பி வந்து, அதே மணலில் மறுபடி விரித்தான்.

அரசலாறு மழைத்தண்ணீரின் செம்மண் நிறத்தோடு கடலில் கலந்துகொண்டிருந்தது. அகல லென்ஸில் அதை ஒரே படமாக எடுத்தாகிவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பத்து நாளாகப் படுக்கையில் கிடக்கும் அண்ணன் தெட்சிணாமூர்த்தி காலையில் கேட்டது இதை அல்ல.

“ஆறு படமா எடுடா. காமிராவக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பு. நான் ஒட்டிக்கிறேன்.”

“அகல லென்ஸ்ல எல்லாம் ஒண்ணுலயே வந்துரும்ணே. ஒட்டுனா அலை பொருந்தாது.”

“வந்துரும். தோணியெல்லாம் எறும்பாட்டம் வரும். மனுசன் தலையத் திருப்பித்தானடா கடலப் பாக்குறான்?”

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ வைத்ததிலிருந்து இருவருக்கும் இதே சண்டை. இன்றைக்கு அண்ணனுக்கு அதற்கு மேல் மூச்சு இல்லை. ‘நான் ஒட்டிக்கிறேன்’ என்றதைத் தாங்க முடியாமல்தான் மருதையன் வெளியே வந்தான்.

பழைய லென்ஸை மாட்டினான். வடக்கே குப்பத்திலிருந்து தொடங்கினான். ஒன்று. திருப்பினான். முதல் படத்தின் ஓரத்துப் பனை இதிலும் விழ வேண்டும். இரண்டு. மேகம் சூரியனை மறைத்தது. வெளிச்சம் மாறினால் ஒட்டு தெரியும், காத்திருந்தான். எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மூன்று. நான்கு.

ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடை பீர் மைதீன் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“மருதையா, அண்ணி ஒடனே வரச் சொன்னாங்க.”

“ரெண்டுதான் பாக்கி, பாய்.”

பீர் மைதீன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருதையன் ஐந்தாவதை எடுத்தான். ஆறாவதற்குத் திருப்பிய காமிராவை அப்படியே அவரிடம் விட்டுவிட்டு, சைக்கிளைத் தூக்கி மிதித்தான்.

வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் அண்ணி.

“எல்லாம் எடுத்துட்டானான்னு கேட்டாரு,” என்றாள். “எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்.”

அவன் தலையாட்டினான். கால்மாட்டில் உட்கார்ந்தான். வேட்டியிலிருந்து ஈர மணல் பாயில் உதிர்ந்தது. அண்ணி அதை உள்ளங்கையால் கூட்டி எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.