ஜோன்ஜோன் கழுவிய மாப்பிள்ளை

சில்மேனுக்கு மாப்பிள்ளை ஃபெனெலைக் கண்ணில் கண்ட நிமிடமே பிடிக்கவில்லை. அவனுக்குக் காப் நகரத்து மருந்துக்கடையில் வேலை. மலையேறி வருவதற்கு இஸ்திரி போட்ட சட்டை வேறு. "இந்தக் கை மண்வெட்டியைப் பார்த்தா மயக்கம் போட்டுரும்டி" என்று லூடியிடம் சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்டால்தானே?

லூடி தங்கை மகள். தங்கை எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போனவள் திரும்பவில்லை, வளர்த்தது சில்மேன்தான். இன்று விருந்து முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மாவிடம் லூடி சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அவள் வாயிலிருந்து 'இல்லை' வரவேண்டும் என்று சில்மேன் வேண்டாத புனிதர் இல்லை.

அதற்காக விருந்தில் குறை வைக்க முடியுமா? அந்தத் தீவின் வடக்குப் பக்கத்து வீடுகளில் மதிப்பான விருந்தாளிக்குக் கறுப்புச் சோறுதான். மழைக்குப் பின் காட்டில் உளுத்த மரங்களில் முளைக்கும் ஜோன்ஜோன் காளானை அவளே பொறுக்கி, காயவைத்து, முடிந்து வைத்திருந்தாள். மிச்சமிருந்த அத்தனையையும் காலையில் வெந்நீரில் ஊறப்போட்டாள். தண்ணீர் மையாகக் கறுத்தது. ருசியெல்லாம் இறங்குவது அந்தத் தண்ணீரில்தான், அரிசி வேகுவதும் அதில்தான். ஊறிய காளான் வெறும் சக்கை. கோழிக்குப் போட்டால் கோழியும் ஒரு தரம் யோசிக்கும்.

கிராம்பு இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பினால், அடுப்படியில் ஃபெனெல். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறான்.

"பெரியம்மா, காளான்ல ஒரே அழுக்கு. தண்ணி கருகருன்னு இருந்துச்சு. மூணு தடவை மாத்திக் கழுவிட்டேன். இப்பப் பாருங்க, பளிச்னு இருக்கு!"

வாழைமரத்தடி மண் கறுத்து ஈரமாகக் கிடந்தது.

"அடப்பாவி! உங்க வீட்ல இதைச் சமைச்சதே இல்லையா?"

"அம்மா கடையில காளான் ருசிக் கட்டி வாங்கிப் போடுவாங்க, பெரியம்மா. சின்னச் சதுரமா இருக்குமே."

"கட்டியா! சாறைக் கொட்டிட்டுச் சக்கையைக் காப்பாத்தின மகராசா! மருந்துக்கடையில என்ன பண்றே? மருந்தைக் கீழே ஊத்திட்டு சீசாவைக் கழுவி விக்கிறியா?"

ஊருக்கே கேட்கும்படிதான் கத்தினாள். லூடி ஓடி வந்தாள். சில்மேனுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். சோறு போனாலும் சம்பந்தம் தொலைந்தது.

"பாத்தியாடி, உன் ஆளோட லட்சணத்தை?"

லூடி சட்டியைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "உங்களை யாரு கழுவச் சொன்னா?" என்று அவனைக் கேட்டாள்.

"யாரும் சொல்லலை. பெரியம்மா ஒத்தையில கிடந்து மாரடிக்கிறாங்களேன்னு..." அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பெரியப்பா இந்தச் சட்டியை என்னைக்காவது கொட்டியிருக்காரா, பெரியம்மா?"

"அந்த மனுஷன் சட்டியைத் தொட்டதே இல்லையேடி!"

"அதான். தொட்டாத்தானே கொட்டும்?"

சில்மேன் பீன்ஸை அடுப்பில் ஏற்றப் போனாள்.

பீன்ஸ் போட்ட வெள்ளைச் சோறுதான் பரிமாறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா உதட்டைச் சுழித்தாள். கட்டி போட்டுச் சமைக்கிறவளுக்கு அந்தச் சுழிப்பு ஒன்றுதான் குறைச்சல். அவள் வாயைத் திறக்குமுன் லூடி எழுந்து, "எனக்குச் சம்மதம்" என்றாள். ஃபெனெல் லூடியின் எச்சில் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். சில்மேனுக்குப் பொறாமையாக இருந்தது. வளர்த்த பெண்மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மரத்தடியில் அவள் புருஷன் ஒனோரா டோமினோ ஆடிக்கொண்டிருந்தான். தோற்றதற்கு அடையாளமாகக் காதில் துணிக் கிளிப்புகள் தொங்கின.

"ஏய் சில்மேன்! விருந்தும் அதுவுமா வெள்ளைச் சோறா? சரி, சரி, கொண்டா!" என்று திரும்பிப் பார்க்காமலே தட்டை நீட்டினான்.

"யோவ், கை இருக்குல்ல? வந்து போட்டுக்கோ."

ஒனோரா சிரித்தான். வேடிக்கை என்று நினைத்தானோ என்னவோ, நீட்டிய தட்டை இறக்கவேயில்லை. சில்மேன் தனக்கு ஒரு தட்டு போட்டுக்கொண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.