வியாழக்கிழமைப் பொட்டு

கறிக்கு வாங்கிய கார்சோபிப் பூமொட்டுகளின் முள்நுனிகளை நறுக்கி, முரட்டு இதழ்களை உரித்து, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள் விஜிதா. கறை ஏறி விரல்கள் கறுத்துவிட்டன. இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியின் அந்த மூன்றாம் மாடி வீட்டில், வீட்டு எசமானி சிஞ்ஞோரா ஒரு மணிக்குச் சாப்பிடுவாள். இரண்டு மணிக்கு மேல் விஜிதாவுக்கு லீவு. வியாழனில் மட்டும்தான் அப்படி.

வியாழன் பிற்பகல்களில், கபோப் பகுதியில் இந்திராதேவியோடு பகிர்ந்திருக்கும் அறைக்குப் போய் முக்காட்டை அவிழ்ப்பாள். நெற்றியில் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு, வன்னியிலிருக்கும் மாமியார் கனகேஸ்வரியை வீடியோவில் அழைப்பாள். கதைத்து முடிந்ததும் பொட்டை உரித்துவிட்டு ஒளுச் செய்வாள். தொழுகைக்குக் கழுவும் தண்ணீர் தோலில் பட வேண்டும்.

"நீ நடிக்கப் போயிருக்கலாம்," என்பாள் இந்திராதேவி. பிறகு குரல் தணியும். "ஆனா ஒட்டாமல் மட்டும் விட்டிடாதை பிள்ளை. வெறும் நெத்தியைக் கண்டா அந்த மனுசி உயிரோடை செத்துப்போடும்."

அது உண்மைதான். யுத்தம் முடிந்த அன்று, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்ற ஆமிக்காரரை நம்பி, விஜிதாதான் புருசன் சாந்தரூபனை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. மருமகள் நெற்றியில் பொட்டு இருக்கும்வரை மகன் இருக்கிறான் என்பது கனகேஸ்வரியின் கணக்கு.

பலெர்மோவில், கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்யப் போனபோதெல்லாம் ஐயர் கேட்டார்: ஆயுளுக்கோ, ஆத்மசாந்திக்கோ? விஜிதா அர்ச்சனைத் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு தொழுகை அறையைத் துடைக்கப் போன இடத்தில்தான் முனீராவைக் கண்டாள். துனீசியாக்காரி. அவளுடைய மகன் படகேறி வந்து சேராதவன். அவள் கையேந்தியபடி அவன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. விஜிதா துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இஸ்லாத்தில் சேரக் கலிமா சொன்னது அதற்கு ஒரு வருடம் கழித்து.

முக்காடு போட்டு வேலைக்கு வந்த முதல்நாள், தன் தாயும் செத்துப்போன தகப்பனுக்காகச் சாகும்வரை கறுப்புத் துணி கட்டியவள் என்று சொல்லி சிஞ்ஞோரா அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். விதவைக் கோலம் என்று அவள் நினைத்ததை விஜிதா திருத்தவில்லை.

சமையலறை மேசையில் போன் அதிர்ந்தது. மாமி. அவள் தானாக ஒருநாளும் எடுத்ததில்லை. அவன் கிடைத்துவிட்டான். அந்த நினைப்பில் விஜிதா ஈரக்கையாலேயே அழுத்தினாள். மாமியின் முகம் வந்தது. தன் முகமும் மூலையில் தெரிந்தது: முக்காடு, வெறும் நெற்றி.

மாமி போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"என்னத்தை மாமி?"

"எனக்கு ஒளிக்காதை. எங்கையாம் எடுத்தவங்கள்? உடம்போ, எலும்போ?"

"ஐயோ, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை மாமி. ரூபனைப் பற்றி ஒண்டுமில்லை." கத்தியைக் கீழே வைத்தாள். "நான் இஸ்லாத்துக்கு மாறீட்டன். ரெண்டு வருசமாச்சு."

"அவனைப் பற்றி இல்லையே?"

"இல்லை."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ரெண்டு வருசமோ? அப்ப வியாழனுக்கு வியாழன் எனக்கு ஒட்டிக் காட்டினியோ, கள்ளி?"

விஜிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அங்கை அல்லாவிட்டை அவனுக்காகக் கேக்கிறனியோ?"

"ஓம் மாமி. ஒருநாளைக்கு அஞ்சுதரம்."

"அஞ்சோ. நான் வெள்ளிக்கு வெள்ளிதான் கோயிலுக்கு. கால் ஏலாது." கொஞ்சம் யோசித்தாள். "என்னெண்டு கேக்கிறனி?"

"திருப்பித் தா எண்டு."

"அப்படியே கேள். இருக்கிறானோ எண்டு மட்டும் கேட்டிடாதை."

"அதைக் கேக்கிறேல்லை மாமி."

"பின்னை அந்தப் பொட்டை இனி ஒட்டாதை. எனக்குத் தெரியும்தானே." மாமி தொண்டையைச் செருமினாள். "நான் எடுத்தது வேறை அலுவலுக்கு. உன்னட்டை அவன்ரை படம் வேறை இருக்கோ? நாளைக்கு ஆரோ பெரியாக்கள் விசாரிக்க வருகினமாம். பதினேழு வருசமா எழுதிக் குடுத்ததையெல்லாம் திரும்பவும் முதலிலை இருந்து சொல்லட்டாம்."

"கலியாணப் படம் போனிலை கிடக்கு. இப்பவே அனுப்பிறன். இருக்கிற படத்துக்கு என்ன?"

"பார் நீயே."

மாமி போனைத் திருப்பினாள். காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டம் இருக்கும் வீதியோரக் கொட்டகை. கம்பியில் வரிசையாகத் தொங்கிய படங்களில் பிற்பகல் வெயில் நேராக அடித்தது. சட்டைக் கொலர்கள் தெரிந்தன, ஒன்றிரண்டில் மீசையின் சாயல் தெரிந்தது. முகங்கள் இருந்த இடமெல்லாம் வெயிலில் வெளுத்து வெள்ளையாகிக் கிடந்தது. மாமியின் விரல் ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்த பெயரைத் தொட்டுத் தொட்டு நகர்ந்து, சாந்தரூபன் என்று எழுதியிருந்த ஒரு வெள்ளைத்தாளின் முன் நின்றது.