எண்ணெய் எடுத்த தரை

நூர் முகமது இரண்டாம் முறை விழுந்தது தன் வீட்டுக் கூடத்திலேயே. முதல் தடவை, வேலை பார்த்த தோல் கிடங்கில். அடுக்கியிருந்த தோல் கட்டுகள் சரிந்து இடுப்பில் விழுந்ததில் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்தார். வீட்டுக்கு வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கொல்லையில் கைகால் கழுவிவிட்டு, ஈரக்காலோடு கம்பை ஊன்றிக் கூடத்துக்குள் வந்தார். அடுப்படியிலிருந்த மனைவி சர்புன்னிசாவுக்குக் கம்பு உருண்டு போகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

வந்து பார்த்த டாக்டர் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். "இன்னொரு தடவை விழுந்தா நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு, பத்து நாள் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கக் கூடாது என்றார்.

சாயங்காலம் தங்கச்சி நஜ்முன்னிசா ஓடி வந்தாள்.

"எப்டிண்ணே விழுந்தே?"

"கம்பு முனை தேஞ்சு போச்சு. வழுக்கிருச்சு" என்றார் நூர் முகமது.

சர்புன்னிசாவின் கண் தரைக்குப் போனது. மூன்று வருசத்துக்கு முன்னால், ஐம்பத்தெட்டில், காவி கலந்து போட்ட சிமெண்டுத் தரை அது. திண்டுக்கல் பேகம்பூரில் அந்தச் சந்து முழுக்க மண் தரையும் கல் தரையுமாக இருந்தபோது, அவள் கூடம் மட்டும் மாதுளை முத்து நிறத்தில் மின்னியது. வியாழக்கிழமை தோறும் கழுவி, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பாள். மூன்று மாதம் ஆஸ்பத்திரிச் சுவரையே பார்த்துக் கிடந்த மனுசன் வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, இந்த வாரம் இரண்டு தடவை தேய்த்திருந்தாள்.

மறுநாள் காலை எண்ணெயை எடுக்க என்ன செய்வதென்று கடையில் கேட்டாள். ஆசிட் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. தெருக்கோடியில் சுவர் பூசிக்கொண்டிருந்தான் கொத்தனார் அழகர். அந்தத் தரையைப் போட்டவனே அவன்தான். அவனிடம் போய் நின்றாள்.

"ஆத்தாடி, ஆசிட்டா? வேணாம்மா" என்றான் அவன். "சிமெண்ட அரிச்சுப்புடும். அடைச்ச வீட்டுக்குள்ள அந்தப் புகை வேற. அவரு படுத்துக் கெடக்காருல்ல, மூச்சு முட்டிப் போகும்."

"பின்ன எப்படித்தான் எடுக்குறது?"

"சீயக்காயை வெந்நீர்ல கரைச்சு தேங்கா நாரால தேய்ங்க. பெறகு நல்ல தண்ணி ரெண்டு தடவை விட்டு அலசணும். சீயக்காய் நின்னாலும் வழுக்கும். அலசிட்டுக் காஞ்ச துணியால ஒத்தி எடுத்துருங்க. ஒரே நாள்ல போகாதும்மா. மூணு வருசத்து எண்ணெயில்ல?"

திண்டுக்கல்லில் அந்தக் கோடையில் தெருக்குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. மற்ற நாளில் பள்ளிவாசல் தாண்டி இருக்கிற கிணற்றிலிருந்துதான் சுமக்க வேண்டும். கூடத்தில் பாதியை அலச எட்டுக் குடம் பிடித்தது. கட்டிலிலிருந்து கொல்லைக்குப் போகிற பாதியை முதல் நாள் தொடவில்லை. அவர் எழுந்தால் ஈரத்தில் கால் வைக்கக் கூடாதே. அந்தப் பக்கம் மட்டும் பழைய சாக்கை விரித்து, நாலு மூலையிலும் அம்மிக்கல்லையும் குழவியையும் செங்கல்லையும் வைத்து நகராமல் பண்ணினாள்.

முட்டி போட்டுத் தேய்க்கத் தேய்க்க நுரை பழுப்பாக எழும்பியது. அலசினாள், ஒத்தினாள், விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் வழவழத்தது. மூன்றாம் நாள் அவளால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. சோறு வடிப்பதோடு சமையலை நிறுத்திக்கொண்டாள். இரண்டு வேளை தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் வெறும் மோர்ச்சோறு. அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் மத்தியானம் நாரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"கம்பு வழுக்கலைங்க" என்றாள். "நான் எண்ணெய் தடவியிருந்தேன். ரெண்டு தடவை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"விழுந்து கெடக்கையில உள்ளங்கை பூராம் தேங்கா எண்ணெய் வாடை. எந்திரிக்கக் கையை ஊன்றேன், கையும் வழுக்குது."

"பின்ன ஏன் கம்பு மேல சொன்னீங்க?"

"நஜ்மு வாய் உனக்குத் தெரியாதா? பக்ரீத் வரைக்கும் அதையே பேசுவா." கட்டிலில் புரண்டு அவள் பக்கம் திரும்பினார். "நீயும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மூணு மாசம் நடந்தவ. உன் மேல சொல்லி என்னத்த ஆகப் போவுது?"

அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லை. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, தொடங்கிய மூலையை அலசி முடித்தாள்.

ஆறாம் நாள் தரையை விரலால் தேய்த்தால் கரகரத்தது. மினுக்கம் முழுசாகப் போய், பழைய செங்கல் மாதிரி மங்கிவிட்டிருந்தது. ஆசையாகப் பார்த்துப் பார்த்துத் துடைத்த தரைதானா என்றிருந்தது. பார்க்க வந்த நஜ்முன்னிசா, "என்ன மதினி, தரை இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள். "அது அப்படித்தான் இருக்கும் இனிமே" என்று சொல்லிவிட்டு சர்புன்னிசா தேத்தண்ணி போடப் போனாள்.

டாக்டர் சொன்ன பத்து நாள் முடிந்ததும் அவர் இறங்கினார். கம்பை ஊன்றி, ஒரு காலை வைத்து, அடுத்ததை இழுத்து, கூடத்தின் குறுக்கே நடந்தார். அவள் பிடிக்கவில்லை, பிடிக்கிற தூரத்தில் கூடவே நடந்தாள். கொல்லை வாசல்வரை போய்த் திரும்பினார். கம்பு எங்கேயும் நழுவவில்லை. அந்த நொண்டல் அதற்கப்புறம் அவரை விடவேயில்லை என்றாலும், இன்னொரு தடவை அவர் விழவும் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் அவளைப் பார்த்தார். "செத்த நேரம் படு."

"உலை வைக்கணும்."

"பசிக்கல. படு."

சர்புன்னிசா முந்தானையை விரித்துக் காய்ந்த தரையிலேயே சரிந்தாள். பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது அவள் காதில் விழவில்லை.