ஒன்றும் வளராத தட்டு

“அழகா வந்திருக்கும்மா” என்று சார் தட்டைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளங்கையில் அடங்குகிற வட்டத் தட்டு. அதில் உறைந்திருந்த கருஞ்சிவப்புக் கூழின் மேல் பச்சை மினுமினுப்போடு புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது, எங்கள் விடுதிக் குடிதண்ணீரில் இருந்த மலக்கிருமி. மலம் என்று நான் சொன்னால் சாருக்குப் பிடிக்காது. ‘குடல்வழிக் கிருமி’ என்றுதான் எழுத வேண்டும். பெயரை மாற்றினால் நாற்றம் போய்விடுமா? பெற்ற பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார்.

இளங்கலை படிக்கிறவர்கள் ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்தால் கல்லூரி மாதாமாதம் உதவித்தொகை தருகிற திட்டம் இது. எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. லாரி ஓட்டுகிற என் அப்பா, வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் “எம்பொண்ணு விஞ்ஞானி” என்று சொல்லி வைத்துவிட்டார். மேற்படிப்புக்கு சார் கையால் ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் நான் விஞ்ஞானியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. ஆராய்ச்சி என்னவென்றால், விடுதிக் குழாயில் கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. கல்லூரிக்குள் எத்தனையோ கட்டடம் இருக்க, எங்கள் விடுதிதான் வேண்டும் என்று சாரே தேர்ந்தெடுத்தார். வாராவாரம் சாப்பாட்டுக் கூடத்துக் குழாயில் தண்ணீர் பிடிப்பேன், தட்டில் விடுவேன், வளர்ந்ததை எண்ணுவேன். ஒவ்வோர் அறிக்கையின் கடைசியிலும் ‘மூலம் தெரியவில்லை, தொடர்ந்து ஆராய வேண்டும்’ என்று எழுதச் சொல்வார். மொட்டைமாடித் தொட்டியைப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டால், அதெல்லாம் அடுத்த கட்டம் என்பார்.

“கட்டுரை வர்ற வரைக்கும் வெளிய சொல்லிடாதம்மா. சொன்னா தொட்டியைக் கழுவிடுவாங்க. அப்புறம் நமக்கு என்ன இருக்கு?” என்றார் ஒருநாள், ரொம்ப அன்பாக. நமக்காம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதற்கே வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது.

என் அறைத்தோழியை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம். அப்படி ஓர் ஒல்லி. அவளிடம் மட்டும் முதல் வாரமே சொல்லிவிட்டேன். “குடிக்காதடி” என்றேன். “வேற எதைக் குடிக்கறது, உன் கண்ணீரையா?” என்றாள். நியாயம்தான். குடிக்க விடுதிக்கே அந்த ஒரு குழாய்தான், அறையில் அடுப்பும் கூடாது. குழாய்க்கு மேலே ‘குடிக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் வார்டன் அதைக் கிழித்துவிட்டார். அப்புறம் குண்டூசிக்கு வயிறு போக ஆரம்பித்தது. கழிப்பறைக் கதவுக்கு வெளியே வாளியோடு நான் நிற்பேன். வாந்தி எடுக்கும்போது முடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். தரையைக் கழுவக்கூட அதே தண்ணீர், அதே நாற்றம். சுவரில் சாய்ந்துகொண்டு அவள் கேட்டாள்:

“உன் தட்டுல பச்சையா மினுங்குதுன்னியே, என் வயித்துக்குள்ளயும் அப்படித்தான் மினுங்குமா?”

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கிருந்து நேராக வார்டனிடம் போனேன். தொட்டியை இன்றைக்கே கழுவச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஆராய்ச்சி முடியிற வரைக்கும் தொட்டியைத் தொடக்கூடாதுன்னு உங்க சாரே சொல்லியிருக்காரேம்மா. உனக்குத் தெரியாதா? நீதானே பண்றே?”

நான்தான் பண்ணுகிறேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். இங்கே கிள்ளுகிறவர் அவர், ஆட்டுகிறவள் நான், ஆட்டுவதற்கு மாதாமாதம் பணம். தூ என்று துப்பலாம் என்றால் என் மூஞ்சியிலும்தான் துப்ப வேண்டும்.

மறுநாள் எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு துடைப்பம், வாளி, பிளீச்சிங் பவுடரோடு மொட்டைமாடி ஏறினேன். தொட்டியின் மூடி தொட்டி மேல் இல்லை. பக்கத்தில் மல்லாக்கக் கிடந்தது, அதில் தேங்கிய மழைநீரில் பாசி பிடித்திருந்தது. ரொம்ப நாளாகவே அங்கே கிடந்திருக்க வேண்டும். ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். தொட்டி விளிம்பெல்லாம் புறா எச்சம் வழிந்திருந்தது. தண்ணீரில் ஒரு புறா ஊறி உப்பி மிதந்தது. இன்னொன்று எப்போதோ கரைந்துபோய் இறகும் எலும்புமாக அடியில் கிடந்தது. அங்கேயே, ஏணியில் நின்றபடியே, வாந்தி எடுத்தேன். இந்தத் தண்ணீரைத்தான் அத்தனை பேரும் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். கழுவினால் என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது, கடிதமும் போச்சு, அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றும் யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் வடிகால் குழாயைத் திறந்துவிட்டேன். இறங்கித் தேய்க்கத் தேய்க்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் மூடியைக் கழுவிப் போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

அந்த வாரமும் எப்போதும் போலக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தட்டில் விட்டேன். குண்டூசி திரும்பி வந்து கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

மறுநாள் சார் வந்து தட்டை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார், திருப்பினார், மூடியைத் திறந்து பார்த்தார். கருஞ்சிவப்புக் கூழ் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இத்தனை மாதத்தில் எந்தத் தட்டைப் பார்த்தும் சுளிக்காத அவர் முகம் அன்றைக்குச் சுளித்தது. செத்த எலியைக் கையில் பிடித்தவர் மாதிரி நின்றார்.

“ஒண்ணுமே வளரலையே” என்றார். குரலை உயர்த்தாமலே கேட்டார். “மூடியை யாரும்மா போட்டது?”

மூடி என்ற சொல் என் அறிக்கை எதிலும் இல்லை. தொட்டியில் ஏறியதை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

“நான்தான் சார்” என்றேன்.

அவர் கிருமிக் கழிவு போடுகிற சிவப்புத் தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தார். போன வாரத்துப் பச்சைத் தட்டுகளுக்கு மேலே அந்தச் சுத்தமான தட்டைப் போட்டார். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.