நூறு தடவை ஊதணும், இர்வின்

முதல்லயே சொல்லிடறேன், இத எழுதறதுக்கு இர்வின்கிட்ட கேட்டாச்சு. "தாராளமா எழுது ரோஸ், ஆனா என் தொப்பையப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாது"ன்னார். சரி, வராது.

எங்க யூத ஜெப ஆலயத்துக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம், கோட்டு மாட்டற ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ரூம் இருக்கே, அதான் எங்க கடை. ஞாயித்துக்கிழமை காலையில, வியாழக்கிழமை மத்தியானம். அவ்வளவுதான் திறப்போம். சம்பளம் கிம்பளம் கிடையாது. நானும் ஹாரியட்டும் இருபத்திரண்டு வருஷமா பாத்துக்கறோம். சபாத் ஓய்வுநாளுக்கு ஏத்தற மெழுகுவத்தி ஸ்டாண்டு, வெள்ளிக் கிண்ணம், வேத வசனம் வெச்சு வாசக்கால்ல அடிக்கிற மெசூசா டப்பா, கல்யாணத்துல மாப்பிள்ளை மிதிச்சு உடைக்கிறதுக்குன்னே கண்ணாடி கிளாஸ், நம்ம ஆளுங்களே வரைஞ்ச பட்டுத்துணிப் படம், எல்லாம் உண்டு. ஹாரியட் ஒரு தடவ டீ போடற பெரிய சமோவார்கூட வித்திருக்கா, அது வேற கதை.

ஆனா செப்டம்பர் வாக்குல வர்ற எங்க புதுவருஷத்துக்கு முந்தின மாசம் வந்துட்டா கொம்புதான். ஆட்டுக்கடாக் கொம்பு. அந்த மாசம் பூரா தினம் காலையில ஊதணும், அப்புறம் புதுவருஷத்தன்னிக்கு நூறு தடவ ஊதணும். வீட்டுல ஊதிப் பாக்க ஆளாளுக்கு ஒண்ணு வேணும்பாங்க. கொம்பு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒருத்தர் வாய்க்கு சரியா வர்றது இன்னொருத்தருக்கு வராது. அதனால நான் ஊதிக் காட்டாம ஒரு கொம்புகூட எங்க கடைய விட்டுப் போனதில்ல. வினிகர் துணியால தொடச்சிட்டுத்தான், பயப்படாதீங்க. எனக்கு நல்லாவே ஊத வரும். கடைசியில வர்ற அந்த நீள முழக்கம் இருக்கே, நாப்பது செகண்டு பிடிப்பேன். ஹாரியட் வாட்ச் வெச்சுப் பாத்திருக்கா.

ஆனா மேடையில ஊதறது இர்வின் கப்ளோ. முப்பத்தோரு வருஷமா அவர்தான். எழுபத்தெட்டு வயசு. நாப்பது வருஷம் செருப்புக்கடை வெச்சிருந்தார், ஊர்ல பாதிப் பேர் கால அவர் கையில பிடிச்சிருக்கார். அவர் மனைவி எஸ்டெல் போய் நாலு வருஷம் ஆச்சு. கடையையும் வித்தாச்சு. இப்போ அவர் யாருன்னு கேட்டா எல்லாரும் ஒண்ணுதான் சொல்வாங்க, "கொம்பு ஊதுவாரே, அவர்."

இந்த வருஷம் மாசம் பொறந்த முதல் ஞாயித்துக்கிழமையே கடைக்கு வந்தார். "ரோஸ், என் கொம்புல விரிசல். புதுசு குடு."

விரிசல் விட்டா அத ஊதக்கூடாது, அது சட்டம். ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். வியாழக்கிழமை திருப்பிக் கொண்டு வந்தார். "இது உள்ள அடைச்சிருக்கு."

வாய் வெச்ச கொம்ப நாங்க திருப்பி வாங்கறதில்ல. இர்வினாச்சேன்னு வாங்கினேன். வேற குடுத்தேன். அதுவும் அடுத்த வாரம் திரும்பி வந்துது. "நோஞ்சான் கொம்பு, சத்தமே இல்ல." மூணாவது குடுத்தேன்.

அதுக்கடுத்த ஞாயிறு கடையில ஏழெட்டுப் பேர் நிக்கறாங்க. இர்வின் உள்ள வந்து மூணாவது கொம்ப கவுண்டர்ல டொக்குன்னு வெச்சார். "இந்தக் கடையில உருப்படியா ஒரு கொம்பும் கிடையாது. நான் காலை ஜெபத்துலயே சொல்லிட்டேன், யாரும் இங்க வாங்காதீங்கன்னு."

ஹாரியட் வெள்ளி பாலிஷ் போட்டுட்டிருந்தா. "அதான் ரெண்டு பேர் வாய்கூட வெக்காம காலையிலயே திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்களா? நீ செஞ்ச வேலையா இது, இர்வின்?"

"நான் உண்மையச் சொன்னேன்."

எனக்கு வந்துது பாருங்க கோவம். துணியால தொடச்சேன், வாயில வெச்சேன், அந்த மூணாவது கொம்ப அங்கயே ஒரு ஊது ஊதினேன். பாத்ரூம்லேந்து ஒருத்தர் பாதியில ஓடி வந்துட்டார். வாசல்ல நின்னவங்க கை தட்டினாங்க. இர்வின் மூஞ்சி மெழுகு மாதிரி ஆயிடுச்சு. விறுவிறுன்னு வெளிய போயிட்டார்.

"சரியான அடி!"ன்னா ஹாரியட்.

எனக்கும் அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் இருந்துது. அப்புறம் பாத்தா அவர் பைய விட்டுட்டுப் போயிருக்கார். உள்ள அவரோட பழைய கொம்பு. விரிசல எங்கன்னு தேடினேன், காணோம். விளக்குல காட்டிப் பாத்தேன். நுனிய விரலால அடைச்சு தண்ணி ரொப்பினேன். ஒரு சொட்டு கசியல.

"ஹாரியட், இந்தாள் கொம்புக்கு ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு இத்தன ஆட்டம்?"

யோசிச்சேன். கடிச்சு மெல்லற பேகல் ரொட்டின்னா உசிர விடற மனுஷன், ஜூலையிலேந்து ஜெபம் முடிஞ்சு சாப்பாட்டு மேஜையில முட்டை சாலட் மட்டும் எடுத்துக்கறார். ஸ்பூன்ல. சிரிக்கும்போது வாய்ல கைய வெச்சு மறைக்கறார். ஜோக்குக்கு மறைக்கறார்னு நெனச்சேன், ஏன்னா அவர் ஜோக்கு அப்படித்தான் இருக்கும்.

"பல்லு"ன்னேன்.

ஹாரியட் பாலிஷ் துணியக் கீழ வெச்சா. "ஐயோ பாவம்"ன்னா. அவ வாயிலேந்து அந்த வார்த்த வர்றது அபூர்வம்.

அன்னிக்கே எங்க ஆலயத்து குரு, ரபி டாலியா, கடைக்குள்ள வந்தாங்க. சின்ன வயசு, எங்களுக்கு மக மாதிரி, ஆனா ரபி ரபிதானே. கதவ சாத்திட்டு மெதுவா கேட்டாங்க. "ரோஸ், இர்வின் இந்த மாசம் ஒரு நாள்கூட காலையில ஊதல. பெரிய நாளுக்கு மூச்ச சேத்து வெக்கறேங்கறார். எனக்கு பயமா இருக்கு. புதுவருஷத்தன்னிக்கு நீங்க ஊதறீங்களா?"

இருபத்திரண்டு வருஷமா இதக் கேக்க மாட்டாங்களான்னு இருந்தவ நான். வாய் வரைக்கும் 'சரி'ன்னு வந்துடுச்சு. எனக்கு முடியும்னு எனக்குத் தெரியும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இர்வின்கிட்டேந்து அத யாரும் கேட்டு வாங்கல. அவர் பின்னாடியே போய் எடுத்துக்கற மாதிரி இருந்துது.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க ரபி."

அவங்க போனதும் ஹாரியட் பாஞ்சா. "பைத்தியமாடி உனக்கு? சரின்னு சொல்ல வேண்டியதுதானே!"

"வியாழக்கிழமை சொல்றேன்."

"வியாழக்கிழமை அந்தாளுக்கு புதுசா பல்லு முளைக்கப் போகுதா?"

வியாழக்கிழமை இர்வின போன் போட்டுக் கூப்பிட்டேன், பைய எடுத்துட்டுப் போங்கன்னு. வந்தார். 'மூடியிருக்கிறது' போர்ட திருப்பி வெச்சேன். ஹாரியட்ட கதவுக்கு வெளிய ஸ்டூல் போட்டு உக்கார வெச்சேன், யார் வந்தாலும் சரக்கு எண்றாங்கன்னு சொல்லுன்னு.

"எத்தன பல்லு எடுத்தாங்க, இர்வின்?"

கண்ணாடிக் கதவ ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கிட்டார். "மேல எல்லாம். ஜூலையில." அப்புறம் அவரே சொன்னார். "ஊதினா பல்செட் ஆடுது ரோஸ். காத்து பக்கவாட்டுல போகுது. எனக்கும் அதுக்கும் தினம் சண்டை, தினமும் அதுதான் ஜெயிக்குது."

"கழட்டிட்டு ஊதிப் பாத்தீங்களா?"

"என்ன பேச்சு பேசற நீ! என் வீட்டுக் கண்ணாடிகூட என்ன அப்படிப் பாத்ததில்ல."

"நான் திரும்பிக்கறேன். இங்க பாருங்க, மெழுகுவத்தி ஸ்டாண்டெல்லாம் தூசி, நான் தொடைக்கறேன். நீங்க கழட்டுங்க."

"மாட்டேன்."

நான் பாட்டுக்கு தொடச்சேன். பின்னாடி டப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் அவரோட பழைய கொம்புல புஸ்ஸுன்னு காத்து. மறுபடி புஸ்.

"வாய் ஓரத்துக்கு நகத்துங்க. இடது ஓரம்."

புஸ்.

"கப்ளோ, காலெல்லாம் வீங்கி ஒரு கிழவி உங்க கடைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? அவ கல்யாணத்துல போட்ட செருப்பையே மாட்டி விடுவீங்களா?"

"அகல ஷைஷ் குதுப்பேன்"னு பல்லில்லாம முணுமுணுத்தார்.

"அப்ப கவுண்டர்ல இருக்கறத ஒண்ணொண்ணா எடுங்க."

பதினாலு கொம்பு இருந்துது. ஒண்ணொண்ணா ஊதினார். ஒண்ணு ஆட்டுக்குட்டி மாதிரி கத்திச்சு. ஒண்ணு சத்தமே போடல. வெளியேந்து ஹாரியட் குரல் குடுத்தா, "உள்ள யாராவது உசிரோட இருக்கீங்களா?" ஒம்பதாவதோ பத்தாவதோ, ஒரு அவலட்சணமான கொம்பு, வாய் ரொம்ப அகலமா இருக்கே, யார் வாங்குவான்னு நாலு வருஷமா கிடந்தது. அத வாயில வெச்சார்.

கண்ணாடி அலமாரி நடுங்கிச்சு. நெசமா. மேல் தட்டுல இருந்த கல்யாண கிளாஸெல்லாம் கிணுகிணுன்னுது. நான் திரும்பிடாம இருக்க ஸ்டாண்ட கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். முப்பத்தோரு வருஷத்துல அவர் அப்படி ஊதி நான் கேட்டதில்ல.

டப்புன்னு பல்லு மறுபடி உள்ள போச்சு. "சரி, திரும்பு"ன்னார். கண்ணெல்லாம் பளபளங்குது. அடுத்த நிமிஷமே மூஞ்சி தொங்கிப் போச்சு. "பிரயோஜனமில்ல. நானூறு பேர் முன்னாடி பொக்கை வாயோட நிக்க என்னால முடியாது. ரபி உன்ன கேட்டாங்கன்னு தெரியும். நீயே ஊது ரோஸ். நீ என்னவிட நல்லா ஊதுவ."

இதோ, அவரே குடுக்கறார். எடுத்துக்கலாம். ஆனா கொம்ப கீழ வெக்காம நெஞ்சோட பிடிச்சுக்கிட்டே குடுக்கறார். அப்படிக் குடுக்கறத எப்படி வாங்கறது?

அவர் பையிலேந்து ஜெபச் சால்வை எட்டிப் பாத்துது. அவருக்கு பதிமூணு வயசுச் சடங்குல போட்டது, பட்டு, மப்ளர் மாதிரி ஒல்லியா. எங்க ஆம்பளைங்க பாதிப் பேருக்கு அதான். நான் இன்னொரு ஸ்டூல் மேல ஏறி உச்சித் தட்டுலேந்து ஒரு பெட்டிய இறக்கினேன். கம்பளிச் சால்வை, கறுப்புக் கோடு, விரிச்சா ஒரு ஆள மூடி இன்னும் மீதி இருக்கும்.

"ஆசீர்வாதம் சொல்லி முடிக்கற வரைக்கும் பல்லோட இருங்க. அப்புறம் இத தலைக்கு மேல இழுத்து விட்டுக்குங்க. நெறைய ஊர்ல கொம்பு ஊதறவங்க அப்படித்தான் போத்திக்கிட்டு ஊதுவாங்க. உள்ளுக்குள்ள நீங்க என்ன பண்றீங்கன்னு யார் கேக்கப் போறா?"

போத்திக்கிட்டார். கூடாரம் மாதிரி நின்னார். "உள்ள ஒரே இருட்டு"ன்னு குரல் மட்டும் வந்துது.

"அதுக்குத்தானே அது!"

"பல்ல எங்க வெக்கறது?"

வளையல் போட்டுக் குடுக்கற வெல்வெட் சுருக்குப் பை ஒண்ணு குடுத்தேன். நீலம். ரபிகிட்ட போய், இர்வின்தான் ஊதறார்னு சொன்னேன். அவங்க என்ன உத்துப் பாத்தாங்க. "நிச்சயமா?" "நிச்சயமா"ன்னேன். இர்வின் பாக்கி நாள் பூரா அந்த அவலட்சணத்த வீட்டுல வெச்சு ஊதினார், பக்கத்து வீட்டு நாய் மூணு நாள் தூங்கலையாம்.

திங்கக்கிழமை புதுவருஷம். உக்கார இடமில்ல. இர்வின் மேடையேறி ஆசீர்வாதம் சொன்னார், பிசிறில்லாம. சால்வைய தலைக்கு மேல இழுத்தார். கம்பளிக்குள்ள கொஞ்ச நேரம் ஏதோ குடைஞ்சுது. ஹாரியட் என் கைய கிள்ளினா. கொம்போட நுனி மட்டும் வெளிய வந்துது.

முதல் முழக்கம். நான் மூச்சு விட்டேன்.

நடுநடுவுல ஜெபம், அப்புறம் மறுபடி ஊதணும். ஒரு தடவகூட சால்வைய எடுக்கவே இல்ல அவர். எனக்கு முன்வரிசையில உக்காந்திருந்த ஷெல்டன் தன் பொண்டாட்டிகிட்ட சொல்றான், "இர்வினுக்கு பக்தி முத்திப் போச்சு." தொண்ணூத்தொம்பது ஆச்சு. கடைசி நீள முழக்கம். மனசுக்குள்ள எண்ணினேன். இருபது, முப்பது, குழந்தைங்க வாயப் பொளந்துட்டு நிக்குது, முப்பத்தெட்டுல நின்னுது. என்னோடத விட ரெண்டு கம்மி. சொல்லணுமில்ல?

ஜெபம் முடிஞ்சதும் எல்லாரும் கை குலுக்க மேடைக்கு கிளம்பிட்டாங்க. சால்வை இன்னும் தலை மேலயே. அதுக்குள்ளேந்து ஒரு கை மட்டும் வந்து மேஜைய தடவுது, இங்க, அங்க. பல்லுப் பை விழுந்துடுச்சு! மேஜைக் கால் பக்கத்துல நீலமா கிடக்குது. ஷெல்டன் முதல் படியில கால வெச்சுட்டான்.

என் முட்டி வலியெல்லாம் மறந்து போச்சு. அந்தப் பக்கப் படியில ஏறி, குனிஞ்சு, பைய எடுத்து சால்வைக்குள்ள திணிச்சேன். திரும்பி, ரெண்டு கையும் விரிச்சுக்கிட்டு படிய அடைச்சு நின்னேன்.

"ஷெல்டன்! உன் பொண்ணு வீடு மாறினாளாமே? எத்தன ரூம்? அப்ப எத்தன வாசக்கால்ல மெசூசா அடிச்சீங்க? பின்வாசல விட்டுட்டியே! மாடிப்படிகிட்ட? நீங்க எங்க அவசரமா போறீங்க கிளாரிஸ், நில்லுங்க, உங்க தொப்பி எவ்வளவு அழகா இருக்கு, பின்னாடி திரும்புங்க பாக்கலாம்..."

வந்தவங்கள வெளிய விடாம பேச்சுல பிடிச்சு வெக்கறதுதான் இருபத்திரண்டு வருஷமா என் வேலை. பதினொரு பேர் நின்னாங்க. யாரும் ஒரு படி ஏறல.

முதுகுக்குப் பின்னாடி டப்புன்னுது.

"ஷானா டோவா, ஷெல்டன்"னு புதுவருஷ வாழ்த்து சொல்ற குரல், தெளிவா. திரும்பிப் பாத்தா சால்வை தோள்ல ராஜா மாதிரி கிடக்குது, மனுஷன் வாய மறைக்காம சிரிக்கறார்.

ஷெல்டன் கைய குலுக்கிட்டு கம்பளி ஓரத்த ரெண்டு விரலால தேச்சுப் பாத்தான். "ஏ அப்பா, இது எங்க வாங்கினது?"

பண்டிகை நாள்ல நான் வியாபாரம் பேச மாட்டேன். "வியாழக்கிழமை மத்தியானம் வா"ன்னு மட்டும் சொன்னேன்.

"சீக்கிரமா வா"ன்னார் இர்வின். "அந்த அளவுல இன்னும் ரெண்டுதான் இருக்கு."