பூரான் பெட்டியைத் திறந்தது யார்

எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால்தானோ என்னவோ, காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சருகையும் மண்ணையும் சலித்துப் பூச்சிகளைப் பிரிக்கும் வேலை ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது. ஒருநாள் சருகுக்குள் பூரான் ஒன்று தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது. அலுங்காமல் பெட்டிக்கு மாற்றினேன். ஆய்வாளர் மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வகைப் பூரான் ஒரு தடவைக்கு எத்தனை குஞ்சு பொரிக்கும் என்ற எண் மட்டும்தான் அவருடைய மூன்று வருட ஆய்வில் பாக்கி.

தாய்ப் பூரான் முட்டைகளை நக்கி நக்கிப் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். தொந்தரவு செய்தால் முட்டையோ குஞ்சோ, தானே தின்றுவிடும். ஆறாம் நாள் பெட்டியில் ஒரு முட்டைகூட இல்லை.

"ஈரம் பத்தல," என்று மேடம் முடிவுகட்டினார். முந்தின நாள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் முட்டைகளோடு இன்னொரு தாய்ப் பூரான் கிடைத்தது. மேடம் தண்ணீர்க் குப்பியோடு வந்தார். அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் முட்டைகள் அழுகிப்போகும். வேலை போனால் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மேடம், ஈரம் காரணமில்ல. போன தடவ நான் மூடியத் தொறந்து பாத்துட்டேன்."

"எத்தன தடவ?"

"ஒரே தடவ."

மேடம் குப்பியை மெதுவாகக் கீழே வைத்தார். காது சிவந்திருந்தது.

"நான் நாலு தடவ."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அதன்பின் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோலக் கண்காணித்தோம். நான் பெட்டிப் பக்கம் தூசி தட்டப் போனால்கூட மேடம் தொண்டையைச் செருமுவார்.

நாற்பதாம் நாள் சேர்ந்தே மூடியைத் தூக்கினோம். அன்று மாலைக்குள் அறிக்கை போயாக வேண்டும். தாயின் வளையத்துக்குள் வெள்ளை வெளேரென்று குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. தாயை விலக்கினால்தான் எண்ண முடியும். இடுக்கியை எடுத்த மேடத்தைப் பார்த்து அது தலையைத் தூக்கியது. மேடம் இடுக்கியை வைத்துவிட்டு மூடியை மூடினார்.

"அப்போ எத்தனன்னு எழுதுறது மேடம்?"

"நெறைய இருக்குன்னு எழுது."